555 புத்தகம்

ஜெலுத்தோங் அடுக்குமாடி, ஒன்பதாம் மாடி.
மாதம் பிறந்தால் மூன்றாம் தேதி
கைப்பேசி ஒருமுறை இருமும்.
ஜொகூரிலிருந்து மகள் கனகாம்பிகை:
நானூறு ரிங்கிட்.
தவறியதே இல்லை.
பேசுவதுதான் குறைவு.

சட்டைப்பையில் அடங்கும் 555 புத்தகத்தில்
வரவு என்று எழுதிக்கொள்கிறேன்.
கரண்டு முப்பத்தெட்டு.
சர்க்கரை மாத்திரை அரசாங்கத்தில் ஓசி,
போக வர கிராப் பதினாறு.
வெள்ளிக்கிழமை தவறி
சனிக்கிழமை மலிவில் கெம்போங் மீன்.
மிச்சம் வந்தால் மாமாக் கடையில்
ஒரு தே தாரிக், சீனி குறைத்து.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய
முப்பத்தோரு வருஷம்
சேமநிதியாய் ஒருநாள் கைக்கு வந்தது.
அதில் நாற்பத்திரண்டாயிரத்தை வாங்கித்தான்
மகன் இளம்பரிதி சுங்கைப்பட்டாணியில்
சாப்பாட்டுக் கடை திறந்தான்.
பதினோரு மாதம். பிறகு
மேசை நாற்காலியைக்கூட வந்த விலைக்கு விற்றான்.
அதை எழுதிய பழைய புத்தகத்தை
நான் எறியவில்லை.
புரட்டுவதும் இல்லை.

அவன் பணம் அனுப்புவதில்லை.
ஞாயிறானால் மோட்டாரில் பாலம் தாண்டி வருகிறான்.
ஹெல்மெட்டைக் கதவோரம் கவிழ்த்துவிட்டு
வாளியில் வெந்நீர் ஊற்றி
என் காலை ஊறப்போடுகிறான்.
குனிய முடியாமல் நான் கைவிட்ட நகங்களை
ஒவ்வொன்றாய் வெட்டுகிறான்.
சுண்டுவிரல் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான்.
சர்க்கரைக் கால், காயம் பட்டால் ஆறாது.
இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
‘நகம்’ என்று எழுதித்
தொகையை விட்டுவைத்தேன்.

எதிர்வீட்டு மிஸ்டர் கூவுக்கு
ஜார்ஜ் டவுனில் வாடகைக்கு விட்ட கடைகள் மூன்று.
பிறகேன் இங்கே என்றால்
‘காற்று வருகிறது’ என்பார்.
பிள்ளைகள் பெர்த்தில்; திரையில் கையாட்டுவார்கள்.
போன வாரம் கம்பிக்கதவு வழியே
வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர்
மலாயில் கேட்டார்:
“உன் மகன் எனக்கும் வெட்டுவானா? எவ்வளவு?”

வெட்டினான்.
அவர் திணித்த இருபது ரிங்கிட்டை
என் மேசைமேல் வைத்தான்.
“பழைய கணக்குல கழிச்சிக்குங்கப்பா.”
ஹெல்மெட்டைப் பார்த்துத்தான் சொன்னான்.

இரவு அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.
நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது பாக்கி.
வாரம் இருபது என்று வைத்தாலும்
நாற்பது வருஷம் சொச்சம்.
எனக்கு எழுபத்தொன்று.

எழுந்துபோய்
மறக்கப் பார்த்த ராத்திரி மாத்திரையைப்
போட்டுக்கொண்டு வந்து படுத்தேன்.