மேல்முறையீடு

யங்ஸ்டவுனில் பிப்ரவரி.
ட்வைலா கோவாச்சின் கடிதம்
என் மேசைக்கு வந்தது,
காபிக் கறையோடு ஒன்றரைப் பக்கம்.

எடுத்தது இருபத்துநாலு கிரெடிட்,
தேறியது பதினைந்து.
ஓரத்தில் பென்சிலால் வகுத்துப் பார்த்திருக்கிறாள்:
அறுபத்திரண்டரை சதவீதம்.
உதவித்தொகை விதி கேட்பது அறுபத்தேழு.
கணக்கு சரிதான்.
அவள் கோட்டைவிட்ட பாடம் புள்ளியியல்.

நடந்தவற்றுக்கு ஆதாரம் இணைக்கவும்
என்கிறது படிவம்.
இணைத்திருக்கிறாள்:
காரை இழுத்துப்போன ரசீது,
கிடங்கின் இரவு ஷிப்ட் அட்டவணை,
மகனின் காதுவலிக்கு மூன்று மருந்துச் சீட்டு.
அக்டோபரில் ஒரு வாரத்துக்கு மட்டும் காகிதமில்லை.

"அந்த வாரம் எழுந்திருக்க முடியவில்லை.
அதற்கு யாரும் ரசீது தரவில்லை."

இனி என்ன மாறும்?
கடைசிக் கேள்வி அது.
நான்கு வரி இடம் விட்டிருக்கிறோம்.
அவள் நிரப்பியது ஒன்று:
"பஸ் ஐந்து நாற்பதுக்கு, இப்போது தெரியும்."

ஒரு பருவம், நிபந்தனையுடன்.
முத்திரையில் மை காய்ந்திருந்தது,
இரண்டாம் தரம் அழுத்தினேன்.
அக்டோபர் கட்டம் மட்டும் பாக்கி:
ஆதாரம் உண்டா, இல்லையா?

அந்த இரண்டு வரிகளை இன்னொரு முறை படித்து
உண்டு என்று குறித்தேன்.
ஸ்டேப்ளரில் பின் இல்லை.
குண்டூசி குத்தி வைத்தேன்.