முப்பத்துநான்காம் பெட்டி

சனிக்கிழமை. தார்த்துவில் பிப்ரவரி.
ஆய்வகத்தில் நானும் பிரீத்தும்தான்.
கீழே எமாயோகி ஆறு
பனித்தோலை இழுத்துப் போர்த்திக் கிடந்தது.

ஒரு புரதம் பிறக்கும்போதே
தலையில் முகவரியோடு பிறக்கிறது:
இருபது முப்பது எழுத்து,
ஒரு பக்கம் நேர்மின்னேற்றம், மறுபக்கம் எண்ணெய்ப்பசை.
மடங்கிவிட்டால் வாசல் கொள்ளாது.
அதனால் வழி நெடுக யாராவது
அதை மடங்கவிடாமல் பிடித்துக்கொண்டே வருகிறார்கள்,
ஈரப் போர்வையை இருவர் பிடித்துக் கொண்டுபோவதுபோல.
நூலாய் நுழைகிறது மைட்டோகாண்டிரியாவுக்குள்.
உள்ளிருந்து மின்னழுத்தம் இழுக்கிறது.
நுழைந்ததும் முகவரியை வெட்டி எறிகிறார்கள்.
வீடு சேர்ந்தவனுக்கு விலாசம் எதற்கு?

வழி தவறியதை, வாசலில் சிக்கியதைப்
பிடுங்கி அரைக்க ஒரு பீப்பாய் இருக்கிறது.
அனுப்பியவருக்கே திருப்பும் வழக்கம்
அங்கே இல்லை.

நான் தேடுவது ஒருவனை.
பிங்க்-ஒன்று என்று பெயர். விநோதமான ஊழியன்.
உள்ளே தலை நீட்டுவான், வெட்டுப்படுவான்,
வெளியே தள்ளப்படுவான், அரைபடுவான்.
நாளெல்லாம் இதே.
காணாமல்போவதுதான் அவன் உத்தியோகம்.
வீட்டில் மின்சாரம் இருக்கிறது என்பதற்கு
அவன் இல்லாததே சாட்சி.

மின்சாரம் போன அன்று
இழுக்க ஆளிருக்காது.
வாசலிலேயே நிற்பான்.
ஒன்றாய், பத்தாய், நூறாய் நிற்பான்.
அந்தக் கூட்டத்தைக் கண்டுதான் பார்க்கின் வரும்,
சுவரெங்கும் முத்திரை குத்தும்,
பிறகு வீட்டோடு விழுங்கிவிடுவார்கள்.

ஆகவே என் படலத்தில்
நல்ல செல்லின் தடம் வெறுமை.
மஞ்சள் மருந்து ஊற்றிய செல்லின் தடத்தில்
கறுப்பாய் ஒரு கோடு.
பிரீத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.
"இடது பக்கம் ஒண்ணுமே வரலையே."
"வராததுதான் சரி" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
மூன்று வாரமாக அவனுக்கு வலது பக்கமும் வரவில்லை.

ஐந்தரைக்கே இருட்டு.
பேருந்தில் அன்னெலின் வந்து இறங்கினேன்.
எங்கள் கட்டடத்தில் தபால் பெட்டிகள்
கீழ்த்தளத்தில் வரிசையாக, பச்சைத் தகரத்தில்.
பூட்ஸிலிருந்து பனியை உதறும்போது பார்த்தேன்:
முப்பத்துநான்கின் வாயில்
மூன்று செய்தித்தாள் திணிந்திருந்தது.
வியாழன், வெள்ளி, சனி.

மூன்றாம் மாடி கல்யூவின் பெட்டி.
எட்டு வருஷமாக நான் அந்தப் பெட்டியைப் பார்த்ததே இல்லை.
பார்க்கும்படி அதில் எதுவும் இருந்ததில்லை.
காலை ஆறுக்கே வந்து எடுத்துவிடுவார்.
அவரோடு நான் மொத்தமாகப் பேசியது
ஒருமுறை சைக்கிள் நிறுத்துவதைப் பற்றி. சண்டை.

படியில் எப்படி ஓடினேனோ.
தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன்.
உள்ளே வானொலி வானிலை சொல்லிக்கொண்டிருந்தது.
நூற்றுப்பன்னிரண்டை அழைத்தேன்.

தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் வந்து
கதவைப் பிளந்தார்கள்.
குளியலறைத் தரையில் கிடந்தார்,
இடுப்பு முறிந்து, துவாலையைப் போர்த்திக்கொண்டு.
எட்டிய உயரத்தில் இருந்த குழாயில்
இரண்டு நாளாகத் தண்ணீர் குடித்திருக்கிறார்.
தூக்குப் படுக்கையில் என்னைத் தாண்டும்போது
கண்ணைத் திறந்து சொன்னார்:
"சனிக்கிழமைக் குறுக்கெழுத்தில் எவனும் கை வைக்கக் கூடாது."

செல்லாக இருந்தால்
இந்நேரம் வீட்டையே விழுங்கியிருக்கும்.
நாங்கள் பூட்டை மட்டும் உடைத்தோம்.

புதுப் பூட்டு எண்பது யூரோ.
ரசீதை அவர் பெட்டியில் போட்டேன்.
ஐந்து நாளாக அங்கேயே இருக்கிறது,
மேலே புதுச் செய்தித்தாள்கள்.
அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளைத் திட்டிக்கொண்டிருக்கிறார்,
எல்லாம் தெரியும் எனக்கு.
தெரிந்தும் படியேறும்போது
ஒருதரம் திரும்பிப் பார்க்கிறேன்.