நல்கைக்கு ஒரு சைகை

வ.உ.சி. மைதானத்து வாசல் டீக்கடையில்
இரண்டாம் ஞாயிறுதோறும் எங்கள் சங்கம் கூடும்.
வெளிச்சம் உள்ளவரை பேச்சு.
டியூப்லைட் கண் சிமிட்டினால்
பாதி வாக்கியம் இருட்டில் விழுந்துவிடும்.

காது கேளாதவர், பதினெட்டுப் பேர்.
கேட்டது ஒன்றுதான்:
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள்
சைகை தெரிந்த ஓர் ஆள்.
அவருக்கு ஒரு சம்பளம்.

முதலில் எழுதியது கடலோர மீனவருக்கான நிதிக்கு.
தெரியாமல்தான்.
கல்வி, சுகாதாரம், வாழ்வாதாரம் என்று போட்டிருந்தது,
சுகாதாரம் நாமதானே என்றாள் எப்சிபா.
பதில் இல்லை.
அடுத்த இடம் பதில் போட்டது, கண்ணியமாக:
சம்பளத்துக்குத் தருவதில்லை,
கட்டடம் என்றால் சொல்லுங்கள்.
ஒரு வாரம் பலவேசம்
காற்றில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தான்,
இரண்டு கையாலும், மாடி வைத்து.

அதற்குப் பிறகுதான்
கொடுக்கிறவரைப் படிக்கக் கற்றோம்.
போன வருஷம் யாருக்கு, எவ்வளவு, எந்த ஊருக்கு:
ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில்
பொடி எழுத்தில் இருக்கிறது எல்லாம்.

வண்ணார்பேட்டை ஆடிட்டர் தாளில் எழுதிக் காட்டினார்:
பன்னிரண்டு ஏ. எண்பது ஜி. மூன்று வருஷக் கணக்கு.
எங்களிடம் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு,
பாதி டீச்செலவு.
'டீயும் கணக்குதான்' என்று எழுதினார். நல்ல மனுஷன்.

நல்கை. கடிதத்தில் அந்தச் சொல்தான் இருந்தது.
அதற்கு எங்களிடம் சைகை இல்லை.
நன்கொடைக்கு உண்டு, உள்ளங்கை ஏந்தினால் போதும்;
மாட்டேன் என்றுவிட்டார் மீராசா.
பேட்டையில் முப்பது வருஷம் வெல்டிங் பிடித்த கை.
கடனுக்கு: கை போகும், திரும்பும்.
மூன்று ஞாயிறு சண்டை போட்டு முடிவானது:
கை போகும், திரும்பாது.
பிறகு இரண்டு விரல் கண்ணைத் தொட்டு நோட்டைக் காட்டும்.
கணக்குக் கேட்பார்கள்.
டீ ஆற்றியபடி மந்திரமூர்த்தியும்
பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

'பிரச்சினையை இருநூறு சொற்களில் விவரிக்கவும்.'
உலகம்மாள் கதையை எழுதினோம்:
வயிற்று வலி, விடிகாலை பஸ், டோக்கன் நாற்பத்து மூன்று.
மூன்று தடவை கூப்பிட்டார்களாம்.
அவள் எதிரில்தான் இருந்தாள்,
சாயங்காலம் வரை, ஃபேனைப் பார்த்துக்கொண்டு.
'அன்று இரவு அவளுக்கு' என்ற இடத்தில்
கட்டம் நிறைந்துவிட்டது.

அழித்தோம்.
ஆஸ்பத்திரி வாசலில் ஆறு வாரம் நின்று எண்ணினோம்.
வந்தவர் அறுபத்தொன்று,
டோக்கன் தவறியவர், உலகம்மாளைச் சேர்த்து, 38.
இதில் நான் எங்கே என்று கேட்டாள்.
எட்டின் கீழ்ச்சுழியைத் தொட்டுக் காட்டினேன்.

'முதல் சுற்றில் தேர்வு. புதன் பதினொரு மணிக்கு
எங்கள் அலுவலர் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார்.'
விண்ணப்பத்தின் முதல் வரியே
எங்கள் சங்கத்தின் பெயர்தான்.

புதன். பதினொன்று ஐந்து.
போன் நடுங்கி, தகர மேசையில் நண்டு மாதிரி நகர்ந்து
கண்ணாடி டம்ளரில் முட்டியது.
நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
மந்திரமூர்த்தி துண்டில் கை துடைத்து எடுத்தார்.
உதட்டில் படித்தேன்: ஆமா சார்... அவங்களுக்குக் கேக்காதுல்லா...
எல்லாம் எழுதித்தான குடுத்திருக்காவ...
அப்புறம் நெடுநேரம் உதடு அசையவில்லை.
மொழிபெயர்ப்பாளர், மணிக்கு இருநூற்றைம்பது,
என்று மனதுக்குள் போட்டுக்கொண்டேன்.

எங்கள் பக்கம் திரும்பினார்.
போனைத் தோளில் இடுக்கி
வலது கையை நீட்டினார். கை போனது,
போய் நின்றது,
திரும்பவில்லை.
விரல் கண்ணுக்கு ஏறுமுன்
பால் பொங்கிற்று.
போனை மேசையில் வைத்துவிட்டு
அடுப்புக்கு ஓடினார்.

திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.
ஆறு நிமிடம் பத்து. பதினொன்று. பன்னிரண்டு.