மூன்றாவது லிட்டர்

எண்ணூறு அடியில் விக்கல்.
இது மூன்றாம் முறை.
யாரோ நினைக்கிறார்கள் என்று விட்டுவிட முடியாது;
கீழே பூலவேசி ஏரி,
செப்டம்பர் தண்ணீர்.

இறங்கியதும் ரைலி
கையுறையைப் பல்லால் உருவி எறிந்து
இன்ஜின் மூடியைக் கழற்றுகிறாள்.
வடிகட்டி சுத்தம்.
கார்புரேட்டர் கிண்ணத்தில் துளி நீர் இல்லை.
டாங்கின் மூச்சுக்குழாயில் வாய்வைத்து ஊதுகிறாள்:
காற்று போகிறது,
உதட்டில் பெட்ரோல் கசப்பு.

பக்கத்துக் கொட்டகை எஸ்கோ
வெள்ளரி ஊறுகாய் ஜாடியோடு வருகிறான்.
குழாயைக் கழற்றி அதற்குள் விடுகிறார்கள்.
ஒரு லிட்டர், நாற்பத்தொரு நொடி.
தாராளம்.
"இதுக்கு ஒண்ணுமில்ல, உனக்குத்தான் பயம்."

அவள் பதில் சொல்லவில்லை.
ஜாடியைக் காலிசெய்து மறுபடி வைக்கிறாள்.
இரண்டாவது, நாற்பத்து மூன்று.
மூன்றாவது
பாதியில் நூலாகி, சொட்டாகி,
நின்றே போகிறது.

சற்று அடைத்துத் திறந்தால்
பழையபடி ஓடுகிறது,
வாத்தியார் தலை தெரிந்ததும் புத்தகம் விரிக்கும் பையன்போல.

டார்ச்சும் பல் மருத்துவரின் கண்ணாடியும்.
டாங்கின் அடியில், துளைக்குப் பக்கத்தில்
நகமளவு தோலொன்று அலைகிறது.
ஓட்டம் இழுத்தால் வந்து ஒட்டும்.
நின்றால் விலகிக்கொள்ளும்.

போன குளிர்காலம்
ஒழுகிவிடுமோ என்று
அவளே உள்ளே ஊற்றிச் சுழற்றிய பூச்சு.
ஒரு கோட் போதும் என்றிருந்தது டப்பாவில்.
மூன்று பூசினாள்.

எஸ்கோ ஜாடியை முகர்ந்து பார்த்து
இனி இதில் வெள்ளரி போட முடியாது என்கிறான்.
முழங்கைவரை டாங்குக்குள் விட்டபடி
"இடுக்கி," என்கிறாள் ரைலி.
"அதில்லை. நீளமானது."