மருந்தில்லாத ஊசி

லங்னாவ் ஸ்டேஷனுக்குப் பின்னால், இரண்டாம் மாடி.
கதவில் பித்தளைப் பலகை:
டொக்டர் ரெகுலா ஏஷ்லிமன், குடும்ப வைத்தியர்.
அதன்கீழ் பிறகு சேர்த்த சின்ன எழுத்தில்
அக்குபங்சர்.

வலது கை விறைக்குது என்று சொல்ல
என்னிடம் ஜெர்மன் இல்லை.
கை நித்திரை, என்றேன்.
சிரிக்காமல் தலையாட்டினார்.
அவர்கள் பாஷையிலும்
கை நித்திரைதான் கொள்ளுமாம்.

மணிக்கட்டில் தட்டினார்,
பெருவிரல் வரை கரண்ட் ஓடியது.
இரத்தம் எடுத்தார். சீனி, தைரொய்ட்.
நரம்பு நெரிபடுகிறது,
பேர்ன் பெரியாஸ்பத்திரியில் சோதனைக்கு
நாள் கிடைக்க ஒன்பது கிழமை,
இரவில் கட்ட இந்தப் பட்டை.
அதுவரை இதையும் பார்க்கலாம் என்று
மற்ற லாச்சியை இழுத்தார்.

முதல்நாளே யோகேந்திரன் சொல்லிவிட்டார்:
"உள்ளுக்க மருந்தில்லை,
குத்துறதுக்கு மட்டும் காசோ?"
அதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டேன்.
"சிலருக்கு உதவுகிறது.
ஏனென்று எனக்கு முழுதாகத் தெரியாது.
நரம்பு சாகத் தொடங்கினால்
ஊசியோடு மினைக்கெட மாட்டேன்,
வெட்டத்தான் அனுப்புவேன்."
இந்த நாட்டில் இருபத்திரண்டு வருஷம்.
தெரியாது என்று சொன்ன முதல் டொக்டர்.

ஏழு ஊசி.
எறும்பு கடிக்க முன்னம்
ஒருக்கால் யோசிக்குமே, அவ்வளவுதான்.
இருபது நிமிடம் அசையக்கூடாது.
பழக்கதோஷம், நான் காதைத் தேடினேன்.
இந்த ஊசிகளுக்குக் காதில்லை.
நூல் கோர்க்க வழியில்லை.

எனக்கு வேலை
ஆற்றங்கரை முதியோர் இல்லத்தின் நிலவறையில்,
சலவை, ஸ்திரி, பெயர்.
புதிதாக யாரும் வந்தால்
சட்டை, காலுறை, கைலேஞ்சி
எல்லாவற்றிலும் பெயர்ப்பட்டி தைப்பேன்.
போனால் பிரிப்பேன்.
பிள்ளைகள் உடுப்பைத் தர்மத்துக்குக் கொடுப்பார்கள்,
பெயரோடு கொடுக்கிறதில்லை.

எந்த வேலையில் அதிகம் விறைக்கிறது?
சுவரைப் பார்த்தபடி கேட்டார்.
பிரிக்கிறபோது, என்றேன்.
தைக்கிறபோது இல்லையா?
தைக்கிறபோது இல்லை.
கடைசியாக யாருடையது?
செவ்வாய்க்கிழமை. ஃபிரீடா குப்பர்ஷ்மிட்.
முப்பத்தொரு உருப்படி.
ஒரு மஞ்சள் கம்பளிச் சட்டையில் மட்டும்
அவவே முன்னம் தன் கையால் தைத்திருந்தா,
அரிசிமணி அரிசிமணியாய்த் தையல்.
அதற்கே அரைநாள் போனது.

டொக்டர் முக்காலியில் இருந்தார்.
"திங்கள் இரவு
அவவின் கடதாசியில்
நான்தான் கையெழுத்து வைத்தேன்."

பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.
தக்காளி மாதிரி ஒரு மணி,
முட்டை அவிக்க வைக்கிறது,
அடித்து ஓய்ந்தது.
அவர் எழும்பவில்லை.
வெளியில் யாரோ இருமினார்கள்.
காப்புறுதிக்காரனின் கணக்கில்
இந்த ஆறு நிமிடத்துக்கு
என்ன இலக்கமோ.

உருவி உருவித் தகரத்தில் போட்டு
எண்ணினார், ஏழு.
திரும்பவும் எண்ணினார்.
அந்த எண்ணல் எனக்குத் தெரியும்.
படுக்கை விரிப்பில் ஒரு ஊசி தங்கினால்
யாருடைய முதுகென்று தெரியாதே.

பெருவிரல் முழித்துக்கொண்டது.
நடுவிரல் இன்னும் நித்திரை.
"மாறீட்டுதோ?" என்றார் இவர்,
தேத்தண்ணியை என் இடதுகைப் பக்கம் வைத்தபடி.
பாதி, என்றேன்.
ஒன்பது கிழமையில் வெட்டினாலும் வெட்டுவினம்.
அதுவரை வியாழனுக்கு வியாழன் குத்து.

டொக்டருக்குச் சொல்லாதது ஒன்று.
அந்த மஞ்சள் சட்டையில்
முதல் எழுத்தை நான் பிரிக்கவில்லை.
உள்பக்கம், கழுத்துக்குக் கீழே, மஞ்சளில் மஞ்சள் நூல்.
போடுகிறவளுக்குத் தெரியாது.
யாரும் கேட்டால்
கை நித்திரையான நேரம் என்பேன்.