கோசோங்

பாகாவ் ஆலையில் எடைபோடும் வேலை எனக்கு.
டன் டன்னாய்ச் செம்பனைக் குலை ஏறி இறங்கும்.
போன மாதம் அதே பனையின் சாரம்
குப்பியில் அடைபட்டு வீட்டுக்கு வந்தது:
அறுபது மாத்திரை, நூற்று நாற்பது வெள்ளி,
இரண்டு தவணை. விற்றவள் ஃபிலோமினா,
என் மச்சினி. மறுக்க முடியுமா.

மூன்று மாத இனிப்பு ஒன்பது புள்ளி நாலு.
கிளினிக் தாதி குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"காலையில என்ன குடிப்பீங்க?"
தே தாரிக்.
"பத்து மணிக்கு?"
தே தாரிக்.
மூணு மணிக்கு லோரிக்காரர்கள் வாங்கித் தருவதும்
கணக்கில் வருமா என்று கேட்டேன்.
எழுதிக்கொண்டாள்.

இன்று ஒட்டுக்கடையில்
"தே ஓ கோசோங்" என்றேன்.
தண்ணி கலக்கும் ஜலாலுதீன் நிமிர்ந்து பார்த்தார்,
வீட்டில் யாரோ தவறிவிட்டதுபோல.

கசப்போடு போய்
லோரி மேடையில் ஏறி நின்றேன்.
இருபது கிலோவுக்குக் குறைந்த மாற்றத்தைக்
காட்டத் தெரியாது
எங்கள் தராசுக்கு.