தண்டின் அடி

ஞாயிறு மாலை ஆறு பத்து. பூர்க்டோர்ஃபில் மழை.
கைபேசியில் ஒரு படம், கீழே ஒரு சொல்:
"சாப்பிடலாமோ?"

படத்தில் எல்லாம் தெரிகிறது எனக்கு.
கட்டைவிரல் துஷ்யந்தனுடையது,
பார்சல் கிடங்கில் கத்தி வழுக்கிய தழும்போடு.
மேசைவிரிப்பு மிக்ரோஸ் தள்ளுபடியில் வாங்கியது,
எங்கள் வீட்டிலும் அதேதான்.
அளவு காட்ட ஐந்து பிராங்க் குற்றி ஒன்று வைத்திருக்கிறான்.
அதுவரைக்கும் கெட்டிக்காரன்.
ஓரத்தில், பாதி மங்கலாய்,
அரிந்த வெங்காயம்.
சட்டியிலிருந்து ஆவி.

காளானைத்தான் தெரியவில்லை.

"அடுப்பை நிப்பாட்டு. தண்டின் அடியைப் படமெடுத்து அனுப்பு."

வந்தவை மூன்று. மூன்றும் குடையின் மேற்புறம்.
முதலாவதில் தேன் நிறம். இரண்டாவதில் பாசி.
மூன்றாவதை ஏதோ செயலியில் போட்டு
கலியாண ஆல்பம் மாதிரி மினுக்கியிருந்தான்.
கமெராவுக்கு அழகாக்கத்தான் தெரியும்.
பச்சை கலந்த மஞ்சளா, மஞ்சள் கலந்த பச்சையா என்கிற,
ஓர் ஈரலின் விலையுள்ள கேள்வியை
அது மரியாதையாகத் துடைத்துவிடும்.
மணத்தையும் அனுப்பாது.

நாய்க்குடை என்ற ஒரே சொல்லோடு
இந்த நாட்டுக்கு வந்தவள் நான்.
அந்தச் சொல்லில் ஒரு வசதி இருந்தது:
ஒருவரும் தொடமாட்டார்கள்.
இப்போது நூற்றிருபது பெயர் தெரியும்.
தெரிந்த பிறகுதான் பயம்.

பரீட்சையில் திருமதி ஓகெர்லி
நாற்பது தட்டுகளைப் பரப்பி வைத்தார்.
முப்பத்தோராவது தட்டில்
அடி வெட்டிய ஒன்று, வெள்ளை, சுத்தமாய்,
கடையில் வாங்கியதுபோல.
எனக்கு முன்னால் நின்ற பல்வைத்தியர்
பெயரை எழுதினார். லத்தீனிலும் எழுதினார்.
நான் வியர்த்த கையால்
"தெரியாது" என்று எழுதினேன்.
அன்று அவர் தேறவில்லை.

"அடி எங்கே?" என்று தொலைபேசியில் கேட்டேன்.
"காட்டிலேயே வெட்டிப்போட்டன் அக்கா, மண்ணாய்க் கிடந்தது."
பின்னணியில் சட்டி இன்னும் சீறிக்கொண்டிருந்தது.
"துஷ்யந்தன்."
சீறல் நின்றது.

சைக்கிளில் போனேன். எம்மே ஆறு கலங்கி ஓடியது.
கூடை நிறையப் பதினொன்று,
எல்லாம் ஒரே உயரத்தில் நறுக்கி,
பிள்ளைகளின் தலைமயிர் வெட்டியதுபோல ஒழுங்காய்.
அடியில் ஒரு வெள்ளை உறை இருந்ததா, இல்லையா?
அந்த ஒரு விடை
பீச் மரத்தடியில், சருகுக்குக் கீழே,
எந்த மரம் என்றும் அவனுக்கு நினைவில்லாத இடத்தில்
நனைந்துகொண்டிருந்தது.
செவுள்கள் வெளிறியிருந்தன.
அவன் வீட்டு மஞ்சள் விளக்கில் என் நகமும் வெளிறித்தான் இருந்தது.

"என்ன இது?"
"தெரியாது."
"அப்ப நல்லதாயும் இருக்கலாம்."
"இருக்கலாம்."
நான் கூடையைச் சரித்தேன்.
அவன் பார்த்துக்கொண்டு நின்றான்,
இரண்டு மணி நேரம் குனிந்து பொறுக்கிய முதுகோடு.

வெங்காயத்தை மட்டும் வதக்கினோம்.
மிளகாய்த்தூள் கொஞ்சம் கூடிவிட்டது.
பாணோடு சாப்பிட்டோம், பேச்சில்லை.

ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து
பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில்
கவிழ்த்து, கிண்ணத்தால் மூடிப் படுத்தேன்.
தண்ணீர் குடிக்க எழும்பியபோது
கிண்ணத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை.

காலையில் வெள்ளைப் பாதியில் ஒன்றும் தெரியவில்லை.
கறுப்பில் அரைச் சக்கரம்,
ஆரம் ஆரமாய், திருநீறு உதிர்ந்ததுபோல.
அவன் நினைத்த சம்பினியோன் என்றால்
இந்நேரம் கபிலம் கொட்டியிருக்கும்.
இரவு முழுதும் வெளிச்சமில்லாமல்
தன்னைத் தானே படமெடுத்திருக்கிறது.
இதுவும் பெயரைச் சொல்லவில்லை,
எது இல்லை என்பதை மட்டும் சொன்னது.

அதை அப்படியே அவனுக்கு அனுப்பினேன்,
ஒரு சொல்லும் எழுதாமல்.
நீல நிறத்தில் இரண்டு சரிக்குறிகள் விழுந்தன.
வெகுநேரம் எழுதுவதும் அழிப்பதுமாய் இருந்தான்.

கடைசியில் ஒரு படம்தான் வந்தது:
கழுவிக் கவிழ்த்த சட்டி.